பதில்: 1915 லிவர்பூலில் ஜெர்மன்காரரின் கறிக்கடை

வணக்கம். உங்கள் கதையில், முதல் உலகப் போர் அறிவித்த மறுநாளே பிரிட்டிஷ் அரசு ஜெர்மன்காரரின் கறிக்கடையைப் பறித்துக்கொள்வதாகவும், அவருடைய ஆங்கிலேய மனைவி அதை மீட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டீர்கள். கதையின் அந்தப் பகுதியை மாற்றிவிடுங்கள்.

எதிரியோடு வியாபாரம் பற்றிய 1914 சட்டம் முக்கியமாக எதிரி நாட்டில் இருப்பவர்களோடு வியாபாரம் செய்வதைத்தான் தடுத்தது. பிரிட்டனிலேயே வாழ்ந்த ஜெர்மன்காரர் போலீஸில் பதிவு செய்துகொண்டு, அனுமதியில்லாமல் ஐந்து மைலுக்கு மேல் போகாமல், கடையை நடத்தலாம். எதிரி நாட்டாரின் நிறுவனங்களைக் கலைக்கும் அதிகாரம் அரசுக்கு 1916இல்தான் வந்தது. ஜெர்மன் பியானோ நிறுவனத்தின் இசை அரங்கான லண்டனின் பெக்ஸ்டைன் ஹால் அப்படித்தான் ஏலம் போனது.

உங்கள் கடைக்காரரை முதலில் அழிப்பது அக்கம்பக்கத்தார்தான். 1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதன் ஊழியர்களில் நிறையப் பேர் லிவர்பூல்காரர்கள். மறுநாளே கலவரம். கண்ணாடியை உடைத்து, தொத்திறைச்சியைத் தெருவில் வீசி, மாடியிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களையும் ஜன்னல் வழியே தள்ளினார்கள். நேற்று வரை கடனுக்குக் கறி வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்கட்டும், எனக்கு அதுதான் மிகக் கொடுமையாகப் படுகிறது.

மே 13 அன்று, 17 முதல் 55 வயது வரையுள்ள எதிரி நாட்டு ஆண்களை அடைத்துவைப்பதாகப் பிரதமர் ஆஸ்க்வித் அறிவித்தார். ஐல் ஆஃப் மேன் தீவின் நாகலோ முகாமில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அப்புறம் மனைவி: அன்றைய சட்டப்படி ஜெர்மன்காரரை மணந்ததுமே பிரிட்டிஷ் குடியுரிமை போய்விடும். பிறந்த ஊரிலேயே அவரும் எதிரி நாட்டவர், அவரும் பதிவு செய்ய வேண்டும். கணவர் முன்பே பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தால் பொதுவாக முகாம் இல்லை, ஆனால் கல்லெறிந்தவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. உங்கள் கடைக்காரர் அதை வாங்கியவரா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.