பேரனின் கை எழவில்லை, யாரைக் கேட்பது?

வள்ளியூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மருமகளுக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்திருக்கிறான். தோள் சிக்கி, இழுத்து எடுத்தார்களாம். 14 மாதம் ஆகியும் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. "பொண்ணு ஒழுங்கா முக்கல" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். 45,000 ரூபாய் கட்டினோம், கேஸ் போட முடியுமா, அதற்கு நாகர்கோவிலுக்கு அலையணுமா என்று கேட்கிறார்.

ஆச்சி, முதலில் உங்கள் மருமகள் விஷயம். தாய் முக்காததால் தோள் சிக்குவதில்லை. தலை வெளியே வந்தபின் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்கிறது. அப்போது தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றில் அழுத்தித் தோளை விடுவிக்கப் பார்க்க வேண்டும். தலையைப் பிடித்துப் பலமாக இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் அடிபடும். இதை அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 14 மாதமாக அவள் சுமக்கிற பழி அவளுடையது இல்லை.

அதேசமயம், தோள் சிக்குவது முன்கூட்டித் தெரியாமலும் நடக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் நரம்பு அடிபடுவது உண்டு. சட்டம் பார்ப்பது, தேர்ந்த டாக்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்தார்களா என்பதை மட்டும்தான். தாய்க்குச் சர்க்கரை இருந்ததா? குழந்தை பெரிது என்று ஸ்கேனில் தெரிந்ததா? தெரிந்தும் சிசேரியன் பற்றிப் பேசவில்லையா? இதற்கெல்லாம் பதில் கேஸ் ஷீட்டில், அதாவது ஆஸ்பத்திரி எழுதிவைத்த சிகிச்சைக் குறிப்பில்தான் கிடைக்கும்.

ஆகவே வக்கீலைத் தேடுவதற்கு முன் காகிதத்தைக் கையில் வாங்குங்கள். மருமகள் கையெழுத்துப் போட்டு, கேஸ் ஷீட், பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படி முன்னேறியது என்று குறிக்கும் வரைபடம்), குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, நர்ஸ் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதிப்படி அவர்கள் பதிவுகளை வைத்திருக்க வேண்டியது மூன்று வருஷம்தான். அப்புறம் அவற்றை வேறொரு மகப்பேறு நிபுணரிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள். உள்ளூரில் தயங்குவார்கள், மதுரையில் முயன்று பார்க்கலாம்.

நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம். காசு கட்டிப் பார்த்த வைத்தியம் என்பதால் நுகர்வோர் வழக்காகவே போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. குழந்தையின் பெற்றோர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருஷம், உங்களுக்கு மிச்சம் பத்து மாதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக இழப்பீடு உண்டு என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மருமகளை மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லிச் சிலர் தூண்டுவார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகப் பெரிய அலட்சியம் வேண்டும் என்று 2005-இல் தீர்ப்பு இருக்கிறது. அதில் பேரனுக்குச் சிகிச்சைச் செலவும் வந்து சேராது.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அரசு ஆஸ்பத்திரியில் இப்படி நடந்திருந்தால், அவர்களுக்கும் வழி இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற இடம் என்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக ஏற்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட், அதாவது அரசுக்கு எதிரான மனு, போடலாம். நுகர்வோர் ஆணையம் வழியாகவே போய் ஜெயித்த வழக்கும் உண்டு. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்து பார்வை இழந்த பெண் குழந்தைக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது.

ஆச்சி, பேரனை நரம்பு, கை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே கூட்டிப்போங்கள், கேஸ் அதற்கப்புறம் இருக்கட்டும். கையை மடக்கி நீட்டும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். பில், பஸ் டிக்கெட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்; மாதம் ஒருமுறை அவன் கை அசைவதை மகன் போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும்.