கனத்த பழைய வண்டி குழந்தைகளுக்குப் பாதுகாப்பா?

கேள்வி: நகருக்குள் ஓட்டும் என் சிறிய காரை விற்றுவிட்டு, 1970களில் செய்யப்பட்ட, ஜீப் போன்ற குட்டை லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்க நினைக்கிறேன். மெல்லிய தகட்டுக் காரைவிடக் கெட்டி இரும்பு வண்டிதானே குழந்தைகளுக்குப் பாதுகாப்பு? தரகர் காட்டிய வண்டியில் துளி துருவும் இல்லை.

பதில்: பாதுகாப்புக்காக என்றால் வாங்காதீர்கள். நீங்கள் கெட்டி இரும்பு என்று நம்பும் வெளித்தகடு பெரும்பாலும் இரும்பே அல்ல. போருக்குப் பின் எஃகு தட்டுப்பாடாக இருந்த 1948இல் முதல் லேண்ட் ரோவர் அலுமினியக் கலவைத் தகட்டுடன் வந்தது; 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3இலும் அதுவே தொடர்ந்தது. எஃகு இருப்பது முக்கியமாக வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸிலும், ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் நிற்கும் தடுப்புச் சுவரிலும்தான்.

இன்றைய சிறிய காரின் முன்பகுதி, மோதும்போது மடங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி வகுக்கப்பட்டது. பழைய வண்டியின் ஏணி வடிவச் சேஸிஸ் அப்படி மடங்காததால், அந்த அடியில் பெரும்பங்கு உள்ளே இருப்பவர்களுக்கு வந்து சேர்கிறது. அதில் ஏர்பேக்கும் இல்லை, திடீரென பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பின்னால் எதிரெதிராக உட்காரும் பலகைகளில் குழந்தை இருக்கையை முறையாகப் பொருத்தவும் முடியாது. சேற்றிலும் செங்குத்துச் சரிவிலும் அதன் தாழ்கியர் செய்வதைச் சிறிய கார் செய்யாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கேள்வி அதைப் பற்றியது அல்ல.

துரு இல்லை என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அலுமினியத் தகடு இரும்பைப் போல் துருப்பிடிக்காது. ஆகவே பளபளக்கும் வெளிப்புறம் எதற்கும் சான்றாகாது. சேஸிஸ் உள்ளீடற்ற பெட்டி வடிவம் என்பதால், தண்ணீரும் சேறும் உள்ளே தங்கி அது உள்ளிருந்தே அரிக்கிறது. அரித்த இடத்தில் ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசையை வைத்து, மேலே தார்போன்ற கறுப்புப் பூச்சை அடித்து, 'முழுவதும் புதுப்பித்தது' என்று விற்பவர்களை நான் ஓயாமல் பார்க்கிறேன். சிறு சுத்தியலால் சேஸிஸ் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். தட்ட விடமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சேஸிஸையே கழற்றிவிட்டு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த புதிய சேஸிஸை மாட்டியிருந்தால், துருவைப் பற்றிய அச்சம் பெருமளவு நீங்கும். ஆனால் சாம்பல் நிறத்தில் இருப்பதெல்லாம் துத்தநாகப் பூச்சு ஆகிவிடாது. வெள்ளி வண்ணம் அடித்து ஏமாற்றுவது எளிது. உண்மையில் முக்கியெடுத்ததாக இருந்தால், வடிகால் துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்க்கும்போது உட்புறமும் பூச்சு படிந்திருக்கும். பழைய சேஸிஸ் எண் அதில் முறையாகப் பொறிக்கப்பட்டு, அந்த மாற்றம் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும்; இல்லையேல் வண்டி நல்லதாயினும் அதன் அடையாளம் சிக்கலாகும். அந்த நிலையிலும் மோதல் பற்றி மேலே சொன்னது எதுவும் மாறாது.

பல நாடுகளில் பழமையான வண்டி என்பதற்காகவே காலமுறைச் சோதனையிலிருந்து விலக்குத் தருகிறார்கள். பிரேக் மிகவும் நலிந்த வண்டிக்கே சோதனை வேண்டாம் என்று சொல்லும் இந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை. பதிவு அலுவலகங்களிலோ தாளில் உள்ள எண்ணைத் தாளோடு ஒப்பிடுகிறார்களே தவிர, அடியில் குனிந்து பார்ப்பவர் அரிது. ஆகவே 'எல்லாச் சான்றிதழும் இருக்கிறது' என்ற பேச்சை நம்பிப் பணம் தராமல், தரகரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை நீங்களே அழைத்துச் சென்று, வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அது தேறினாலும் சிறிய காரை விற்காதீர்கள். குழந்தைகள் அதிலேயே பள்ளிக்குப் போகட்டும்.