ஜட்லாண்ட்ல வெடிச்ச கப்பல்கள்: கவசம் மட்டுமா காரணம்?

அன்புள்ள அண்ணா,

எம்டன் மெட்ராஸ் மேல குண்டு போட்டது பத்தி நீங்க எழுதினத படிச்சதுலேர்ந்து அந்தக் காலத்து போர்க்கப்பல் பத்தி தேடித் தேடி படிக்கறேன். 1916ல டென்மார்க் பக்கத்துக் கடல்ல பிரிட்டனும் ஜெர்மனியும் மோதின ஜட்லாண்ட் சண்டைல, ஒரே நாள்ல மூணு பிரிட்டிஷ் பேட்டில்குரூசர் (பெரிய பீரங்கியும் அதிக வேகமும் உள்ள போர்க்கப்பல்) வெடிச்சு மூழ்கிடுச்சு, 3,300 பேர் செத்தாங்க. எந்த வீடியோ பார்த்தாலும் ஒரே பதில்தான் வருது, பிரிட்டிஷ் கடற்படைத் தலைவரா இருந்த அட்மிரல் ஃபிஷர் வேகத்துக்காக கவசத்த குறைச்சாரு, அதான் வெடிச்சுதுன்னு. பேட்டில்ஷிப்புக்கு உண்டான பீரங்கிய வெச்சு, கவசத்த மட்டும் பாதியா குடுத்து ஆளுங்கள அனுப்பினது கொலைதானே? 1941ல ஹூட்ங்கற கப்பல் வெடிச்சதும் இதே கதைதானா? நான் சிவகாசிக்காரன். வெடி விபத்துன்னு படிச்சாலே மனசு கெடந்து அடிச்சுக்குது, அதான் கேக்கறேன்.

கே., சிவகாசி

அன்புள்ள தம்பி,

கவசம் கம்மிங்கறது உண்மை. ஆனா அந்த மூணு கப்பலும் வெடிச்சதுக்கு அதுதான் முதல் காரணம்னு நான் நம்பல, உங்க ஊர்க்காரங்களுக்கு நிஜமான காரணம் மத்தவங்கள விட சீக்கிரம் புரியும்.

முதல்ல ஃபிஷர் எதுக்காக அந்தக் கப்பல கட்டினார்னு பாக்கணும். 1906ல வந்த டிரெட்நாட் பேட்டில்ஷிப்புக்கு பத்து 12 இன்ச் பீரங்கி, பக்கவாட்டு கவசம் 11 இன்ச், வேகம் 21 நாட் (ஒரு நாட்னா மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்). அதுக்குப் பின்னாலயே வந்த இன்வின்சிபிள் பேட்டில்குரூசருக்கு அதே 12 இன்ச் பீரங்கி எட்டு, கவசம் 6 இன்ச், வேகம் 25 நாட். கடல்ல திரிஞ்சு வணிகக் கப்பல அடிக்கற எதிரி குரூசர்கள துரத்திப் பிடிச்சு, அவன் பீரங்கி எட்டாத தூரத்துலேர்ந்தே அடிச்சு முடிக்கணும், அதுதான் அதோட வேலை. அது நடக்கவும் செஞ்சுது. நீங்க சொன்ன எம்டன் ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயோட படையிலேர்ந்து பிரிஞ்சு வந்த கப்பல், 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் எண்ணெய் டேங்க்கெல்லாம் எரியவிட்டது அதுதான். மிச்சப் படையோட ஷ்பே பசிபிக்க கடந்து போயி நவம்பர் 1ம் தேதி சிலி கரைக்குப் பக்கத்துல கொரொனெல்ல ரெண்டு பிரிட்டிஷ் குரூசர மூழ்கடிச்சார், சுமார் 1,600 பேர், அந்த ரெண்டு கப்பல்லயும் ஒருத்தர் கூட பொழைக்கல. உடனே இன்வின்சிபிளும் இன்ஃப்ளெக்சிபிளும் தெற்கு அட்லாண்டிக்குக்கு ஓடுச்சு. டிசம்பர் 8, ஃபாக்லாண்ட் தீவு. ஷ்பேயால ஓடவும் முடியல எதிர்த்து நிக்கவும் முடியல, சாயங்காலத்துக்குள்ள அவரோட ரெண்டு பெரிய குரூசரும் போச்சு, அவரும் செத்தார், வேற வேற கப்பல்ல இருந்த அவரோட ரெண்டு மகன்களும் அன்னிக்கே செத்தாங்க. அந்த நாள்ல ஃபிஷர் கணக்கு அப்படியே பலிச்சுது. நடுவுல வந்த சிக்கல் என்னன்னா, 12 இன்ச் பீரங்கி இருக்கற கப்பல எந்த அட்மிரலும் சும்மா விடமாட்டான், அதே அளவு பீரங்கி உள்ள எதிரி முன்னாடி வரிசைல கொண்டு போயி நிறுத்துவான். ஃபிஷர் மேல குத்தம் சொல்றதுன்னா இத அவர் முன்கூட்டி யோசிக்கலன்னு சொல்லலாம், அத நானும் ஒத்துக்கறேன்.

இப்ப ஜட்லாண்டுக்கு வருவோம். 1916 மே 31. சண்டை தொடங்கி கால் மணி நேரத்துக்குள்ள இண்டிஃபேட்டிகபிள் வெடிச்சுது, 1,000 பேருக்கு மேல இருந்த கப்பல், ஜெர்மன்காரங்க தூக்கினது ரெண்டு பேர. இன்னும் அரை மணி நேரம்கூட ஆகல, குயின் மேரி, 1,266 பேர். பிரிட்டிஷ் பேட்டில்குரூசர் படைக்குத் தலைவரா இருந்த அட்மிரல் பீட்டி தன்னோட கேப்டன் சாட்ஃபீல்டப் பார்த்து நம்ம கப்பல்கள்ல இன்னிக்கு ஏதோ சரியில்லன்னு சொன்னது அப்பதான். சாயங்காலம் ஆறரைக்கு இன்வின்சிபிள், 1,026 பேர், பொழைச்சது ஆறு பேர். இன்வின்சிபிள் அந்த நிமிஷம் பிரமாதமா சுட்டுக்கிட்டு இருந்துச்சு, ஜெர்மன் லுட்சோவுக்கு சாவு அடி குடுத்ததுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு, அந்தக் கப்பல்ல இருந்த அட்மிரல் ஹூட் தன்னோட பீரங்கி ஆபீசர் டான்ராய்தர பாராட்டி சொல்லி அனுப்பி கொஞ்ச நேரத்துல நடுவுல இருக்கற டரட்டுக்குள்ள (பீரங்கி பொருத்தின, சுழலற கவசக் கூண்டு) குண்டு இறங்குச்சு. ஹூட் செத்தார், டான்ராய்தர் அந்த ஆறு பேர்ல ஒருத்தர்.

டரட்டுக்குள்ள குண்டு இறங்கினா அங்க இருக்கறவங்க சாவாங்க. ஆனா முழுக் கப்பலும் ஏன் போகணும்? டரட்டுக்குக் கீழ லிஃப்ட் குழாய் மாதிரி ஒரு வழி போகும், அடியில கை மாத்தி விடற அறை, அதுக்கு அடுத்து வெடிமருந்துக் கிடங்கு. குண்ட பீரங்கிலேர்ந்து தள்ளி விடற கார்டைட் மருந்து பட்டுத்துணிப் பைல இருக்கும், சீக்கிரம் பத்திக்கணும்னு ஒவ்வொரு பை முனையிலயும் கருமருந்து தைச்சிருப்பாங்க. ரூல் படி பைய டப்பாலேர்ந்து கடைசி நேரத்துலதான் எடுக்கணும், கிடங்கு கதவு தேவைக்கு மட்டும்தான் தொறக்கணும். பீட்டியோட கப்பல்கள்ல என்ன நடந்துச்சுன்னா, 1915 ஜனவரில வட கடல்ல ஜெர்மன்காரங்களோட நடந்த டாகர் பேங்க் சண்டைக்கு அப்புறம் வேகமா சுடு வேகமா சுடுன்னு ஒரே நெருக்கடி, அதனால டப்பாவ எல்லாம் முன்னாடியே தொறந்து வெச்சுட்டாங்க, பைகள கிடங்குக்கு வெளிய குவிச்சுட்டாங்க, கதவ தொறந்தே விட்டுட்டாங்க. உங்க ஊர்ல ஒரு ரூம்ல இவ்வளவு மருந்து இத்தன ஆளுன்னு லைசென்ஸ்ல போட்டிருந்தும் தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது ரெண்டு மடங்கு மருந்தும் ஆளும் உள்ள இருக்கும் பாருங்க, அதேதான் தம்பி. நம்ம ஊர்ல விபத்து நடந்தப்புறம் சுவரு ஏன் மெல்லிசா கட்டினான்னு யாரும் முதல்ல கேக்கறதில்ல.

இத நான் யூகமா சொல்லல. அதே டாகர் பேங்க்ல ஜெர்மன் சைட்லிட்ஸோட பின் டரட்ல குண்டு இறங்குச்சு, தப்பிக்க ஓடினவங்க அடுத்த டரட்டுக்குப் போற கதவ தொறந்தாங்க, நெருப்பு அங்கயும் பாய்ஞ்சு ரெண்டு டரட்டும் போச்சு, சுமார் 160 பேர். ஹைட்காம்ப்னு ஒரு பம்ப் ஆள் கொதிச்சுக் கிடந்த வால்வ வெறுங்கையால திருப்பி கிடங்குக்குள்ள தண்ணிய விட்டதால கப்பல் வீடு திரும்புச்சு. ஜெர்மன்காரங்க அதுலேர்ந்து பாடம் படிச்சு வெளிய வெக்கற மருந்த குறைச்சாங்க. அவங்களோட முக்கிய மருந்து பித்தளைக் குழாய்ல வேற இருந்துச்சு, சட்டுனு வெடிக்காத ரகம். ஜட்லாண்ட்ல டெர்ஃப்லிங்கரோட ரெண்டு பின் டரட்டும் எரிஞ்சு போயும் கப்பல் மிதந்துச்சு. அவங்க கவசமும் தடிமன்தான், இண்டிஃபேட்டிகபிளோட மோதின ஃபான் டெர் டான்னுக்கு 25 சென்டிமீட்டர், அத நான் மறைக்கல. ஆனா டரட்டுக்குள்ள எரிஞ்ச நெருப்புக்கும் பக்கவாட்டு கவசத்துக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி.

பீட்டியோட சொந்தக் கப்பல் லயன் ஏன் வெடிக்கலன்னு பாருங்க. அதோட நடுவுல இருந்த க்யூங்கற டரட்லயும் குண்டு இறங்குச்சு. உயிர் போற நிலையில இருந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி கிடங்கு கதவ சாத்தி தண்ணி விடச் சொன்னார், செத்தப்புறம் அவருக்கு விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. எல்லாரும் ஹார்விய சொல்றாங்க, சொல்லவும் வேணும். ஆனா அலெக்சாண்டர் கிராண்ட்னு லயன்ல ஒரு சீஃப் கன்னர் இருந்தார், 1915ல கப்பலுக்கு வந்தவுடனே கிடங்கு நிலவரத்த பார்த்துட்டு பழைய கட்டுப்பாட்ட எல்லாம் திரும்பக் கொண்டு வந்தார், அப்போதைக்கு வேண்டிய பை மட்டும்தான் வெளிய வரணும், இதனால சுடற வேகம் குறையாதுன்னு மேல இருந்தவங்களுக்கு உறுதி குடுத்து சம்மதிக்க வெச்சார். ஹார்வியோட கட்டளைய நிறைவேத்த அந்த அறையில அவகாசம் கிடைச்சதே அதனாலதான். இந்த மனுஷன் பேர உங்க வீடியோக்கள்ல யாராவது சொன்னாங்களா? எனக்கு இந்த முழுக் கதைலயும் மனசுல நிக்கறது அவர்தான்.

கவசம் தடிமனா இருந்தா போதும்னு நினைக்கறவங்க மலாயாவ பாக்கணும். அதே சண்டைல இருந்த பேட்டில்ஷிப், 13 இன்ச் கவசம், மலாய் நாட்டு அரசுகள் பணம் குடுத்து கட்டினது. அந்தப் பணம் வந்த வழில ஈயச் சுரங்கத்தோட ரப்பர் தோட்டமும் இருந்துச்சு, தோட்டத்துல பால்மரம் சீவினவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம தமிழ்ச் சனங்க. அந்த மலாயா கப்பல்ல 6 இன்ச் பீரங்கி இருக்கற பக்கம் கார்டைட் பத்தி எரிஞ்சு கோரமா ஆயிடுச்சு. எதிரியே இல்லாமயும் வெடிச்சிருக்கு, 1914 நவம்பர்ல பல்வார்க், 1915 கடைசில நேட்டல், 1917 ஜூலைல ஸ்காப்பா ஃப்ளோல வான்கார்ட், மூணும் துறைமுகத்துல நங்கூரம் போட்டு நின்னுக்கிட்டு இருந்த பிரிட்டிஷ் கப்பல்கள்.

ஜட்லாண்ட் சண்டைக்கப்புறம் பிரிட்டிஷ் கப்பற்படைக்கே தலைமை தாங்கின ஜெல்லிகோவும் பீட்டியும் கவசம் பத்தலன்னாங்க, கப்பல் டிசைன் துறை தலைவர் டெய்ன்கோர்ட் கவசத்த துளைச்சு குண்டு கிடங்குக்குள்ள போனதுக்கு ஆதாரமே இல்லன்னு வாதாடினார். கடைசில கிடங்கு மேல கவசமும் கூட்டினாங்க, நெருப்பு இறங்காம தடுப்பும் போட்டாங்க. வெளிய பேச்சா நின்னது மட்டும் கவசம்தான். கவசம்னு சொன்னா பழி பத்து வருஷம் முன்னாடி டிசைன் பண்ணினவங்க மேல போயிடும், மருந்த குவிக்க விட்டவங்க யாருன்னு கேள்வியே வராது. 3,300 குடும்பத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் குடுத்திருக்கணும். இத நினைச்சா எனக்கு இன்னிக்கும் கோவம் வருது.

ஹூட் கப்பல் வேற விஷயம். அது ஜட்லாண்டுக்கு அப்புறம் மாத்தி டிசைன் பண்ணி 1920ல வந்தது, 12 இன்ச் கவசம், காகிதத்துலதான் பேட்டில்குரூசர், நிஜத்துல வேகமான பேட்டில்ஷிப்புதான். 1941 மே 24ல ஜெர்மன் பேட்டில்ஷிப் பிஸ்மார்க்கோட குண்டு பட்டு பின் கிடங்கு வெடிச்சு 1,415 பேர் போனாங்க, மூணு பேர் பொழைச்சாங்க. தூரத்துலேர்ந்து வர்ற குண்ட தாங்கற அளவுக்கு அத முழுசா புதுப்பிக்க பிளான் இருந்துச்சு, தள்ளித் தள்ளி போட்டு அதுக்குள்ள யுத்தம் வந்துடுச்சு. அதனால ஹூட்ட ஃபிஷர் கணக்குல எழுதாதீங்க, முப்பதுகள்ல அந்த வேலைய தள்ளிப் போட்டவங்க கணக்குல எழுதுங்க.