கூட்டம் வேறு என்றால் ரத்தமும் வேறா?

கேள்வி: என்னை என் மாமன் மகனுக்குப் பேசியிருக்கிறார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் தயங்கினேன். "அவங்க வேற கூட்டம் (குலம்), நாம வேற கூட்டம், பயமே இல்லை. சீனாக்காரங்களும் மூவாயிரம் வருஷமா குடும்பப் பெயர் பார்த்துத்தான் கட்டினாங்க. மாமன் மகளை அங்கேயும் கட்டுவாங்க" என்கிறார் பெரியப்பா. அவர் சொல்வது சரியா?
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் பெரியப்பா வரலாற்றைச் சரியாகத்தான் சொல்கிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு.

ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் மணந்தால் வம்சம் தழைக்காது என்று 'சுவோ சுவான்' என்ற பழைய சீன வரலாற்று நூலே சொல்கிறது. டாங் வம்சத்துச் சட்டம் அப்படி மணந்தவர்களுக்கு 2 ஆண்டு கட்டாய உழைப்புத் தண்டனை கொடுத்தது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் ஒரே பெயர்க்காரர்கள், அதனால் கூடாது. அத்தை, மாமன் பிள்ளைகள் வேறு பெயர், அதனால் கூடும். சித்தி, பெரியம்மா பிள்ளைகளைக்கூட அங்கே கட்டலாம்! நாம் அவர்களை அண்ணன் தங்கை என்போம். ஹான் பேரரசர் ஹுயி தன் அக்கா மகளையே மணந்தார். அவர் லியூ, அந்தப் பெண் சாங். பெயர் விதி அதைத் தடுக்கவில்லை. பின்னால் வந்த மிங் வம்சச் சட்டம் அத்தை, மாமன், சித்தி பிள்ளைகளை மணந்தால் 80 தடியடி என்றது. ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. பிறகு சிங் ஆட்சியில், அது மக்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, இப்போது மரபணுவைப் பார்ப்போம். பெரியப்பா மகனும் மாமன் மகனும் உங்களுக்கு ஒரே அளவு நெருக்கம்தான்: இருவரோடும் சராசரியாக மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. கூட்டம் அப்பா வழியில் மட்டும் வருகிறது, மரபணு இரு பக்கமும் வருகிறது. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த ஒரே கூட்டத்து ஆளைவிட உங்கள் மாமன் மகன்தான் ரத்தத்தில் மிக நெருக்கம். பெரியப்பா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சீனா 1980இல் திருமணச் சட்டத்தை மாற்றி, மூன்று தலைமுறைக்குள் வரும் ரத்த உறவுகள் எல்லாவற்றையும் தடுத்தது. மாமன் மகன், அத்தை மகன் எல்லாம் அதில் அடக்கம்.

பொதுவாகக் குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3. மாமன், அத்தை பிள்ளைகள் மணந்தால் ஏறக்குறைய 4 முதல் 6. இதை மட்டும் வைத்து யாருடைய கல்யாணத்தையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்தத் தம்பிதான்.

பிறவிக் காது கேளாமை பல நேரம் அப்பா, அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கும் மரபணுவால் வருவது. இங்கேயும் அப்படித்தான் என்றால், உங்கள் மாமாவிடம் அது நிச்சயம் இருக்கும். உங்கள் வருங்காலக் கணவரிடம் இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, உங்களிடம் இருக்க நான்கில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் குழந்தைக்குக் காது கேளாமல் போக நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் பிறக்கும் குழந்தைக்கு 24இல் 1. ஆனால் தம்பியின் காது கேளாமை அம்மை, மஞ்சள்காமாலை போன்ற வேறு காரணத்தாலும் வந்திருக்கலாம். அப்போது இந்தக் கணக்கே கிடையாது.

அதனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். முதலில் தம்பிக்குப் பரிசோதனை. எந்த மரபணு என்று தெரிந்தால் உங்கள் இருவருக்கும் ரத்தத்தில் அதை மட்டும் தேடினால் போதும். அப்படியே தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய்க்கும் பார்த்துவிடுங்கள். உங்களில் ஒருவரிடம் அந்தக் காது கேளாமை மரபணு இல்லை என்று வந்தாலே அந்தப் பயம் ஏறக்குறையத் தீர்ந்தது. இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஆலோசகரிடம் போகும்போது பெரியப்பாவையும் கூட்டிப் போங்கள், மூன்று தலைமுறை உறவுகளைப் பெயர் சொல்லி எடுத்துக் கொடுக்க அவரால்தான் முடியும்.