டி.சி. தர மாட்டேன் என்கிறார் பள்ளி முதல்வர்

கேள்வி: பெரம்பூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் என் மகள் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணவருக்கு வேலை போய்விட்டதால் அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம். ஒரு டேர்ம் கட்டணம் பாக்கி. அதைக் கட்டாமல் டி.சி. கிடையாது, நிர்வாகத்தின் முடிவு என்கிறார் முதல்வர். பள்ளிக்கு வெளியே ஒருவர், பணம் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள் அம்மா. "ஆபீஸில் ஆள் இருக்கிறது" என்பார். வாங்கியபின் போனை எடுக்க மாட்டார். டி.சி.யை அவரே அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் ஆபத்து, பின்னால் மாட்டுவது உங்கள் குழந்தைதான். வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உடனே டி.சி. தர வேண்டியவர் தலைமை ஆசிரியர், அதாவது உங்கள் முதல்வர் என்றே சொல்கிறது. தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கையும் அவர்மேல்தான். பிறகு தாளாளரைக் கைகாட்டுவது என்ன நியாயம்? குழந்தையின் படிப்பா, நிர்வாகத்தின் வசூலா என்று வரும்போது குழந்தை பக்கம் நிற்காதவருக்கு முதல்வர் நாற்காலி எதற்கு? டி.சி. கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொன்னது. அப்புறமும் இதே கதை. சுற்றறிக்கை போட்டதோடு வேலை முடிந்தது என்றிருக்கும் கல்வித் துறையை என்ன சொல்ல!

டி.சி. வரவில்லை என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. முதலில் அங்கே போய்ச் சேருங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையதளமான எமிஸில் பழைய பள்ளி பெயரை விடுவிக்கவில்லை என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதைச் சரிசெய்வது அவர்கள் வேலை. பிறகு முதல்வர் பெயருக்கே டி.சி. கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம், நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. கல்வித் துறையின் உதவி எண் 14417-இலும் புகார் சொல்லலாம்.

ஒன்று மட்டும்: டி.சி. வந்துவிட்டதால் பாக்கி தள்ளுபடி ஆகாது. பள்ளி அதற்காக சிவில் வழக்குப் போடலாம். ஆனால் அவர்கள் சொல்லும் தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று பாருங்கள். அதற்குமேல் வசூலிக்கக் கூடாது. வேன், சீருடை, 'ஸ்மார்ட் கிளாஸ்' எல்லாவற்றையும் 'கட்டணம்' என்று கூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நியாயமான பாக்கியைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள்.