ஐந்தாம் வாரப் படங்களைப் பார்த்து அடப்பலீனை நிறுத்தலாமா?

முகப்பருவுக்கு அடப்பலீன் ஜெல் பூசத் தொடங்கி ஐந்து வாரமான நிலையில், படங்களில் முகம் முன்னைவிடச் சிவந்து தெரிவதால் அதை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படங்களை மட்டும் வைத்து 0.1% அடப்பலீன் ஜெல்லை நிறுத்த வேண்டாம். அதன் பலனை ஏறத்தாழ 12 வாரங்களின் பின்னரே மதிப்பிடுவார்கள். முதற் சில வாரங்களில் தோல் உரிவதும் சிவப்பதும், சிலருக்குப் பருக்கள் சற்றுக் கூடுவதும் உண்டு.

முதற்படத்தைக் காலையிலும் பிந்தியவற்றை மாலை ஆறு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க யன்னலோரத்திலும் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்நேரத்துச் சாய்வெயில் முகத்தைச் சிவக்கக் காட்டுவதோடு, சிறு மேட்டுக்கும் நிழல் விழுத்திப் பெரிதாக்கிவிடும். கூடுதலாகத் தெரியும் சிவப்புக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரே நாளில், முகம் கழுவி அரை மணி நேரத்தின் பின், காலையில் ஒரு படமும் மாலையில் ஒரு படமும் எடுங்கள். அவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடே ஐந்து வார வேறுபாட்டளவு இருந்தால், பழைய ஒப்பீட்டைக் கைவிடுங்கள். இனி இரண்டு வாரத்துக்கொருமுறை, கமராவின் அழகூட்டும் வசதியை அணைத்து, ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே கோணத்தில் எடுத்தால் போதும்.

சிகிச்சை நிலையத்து ஊதாக்கதிர்ப் படத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் குறையாததும் உங்களை வருத்தியிருக்கிறது. அவை மயிர்த்துளைகளிலுள்ள பக்டீரியா உண்டாக்கும் போர்பிரின் என்னும் பொருள் அக்கதிரில் ஒளிர்வதால் தோன்றுபவை. அடப்பலீன் துளை அடைபடுவதைத் தடுக்கிறதேயன்றி, பென்சோயில் பெரொக்சைட் என்னும் மற்றொரு பரு மருந்தைப் போல பக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில்லை. ஆகவே அப்புள்ளிகளின் எண்ணிக்கை இம்மருந்துக்குச் சரியான அளவுகோலன்று.

ஆயினும், தோலுக்கடியில் வலிக்கும் கட்டிகளை எந்தப் படமும் முழுமையாகக் காட்டாது. அவை தோன்றினாலோ, கடும் எரிவும் வீக்கமும் ஏற்பட்டாலோ தோல் வைத்திய நிபுணரிடம் நேரில் காட்டுங்கள். கர்ப்பமாக இருப்பின் ஜெல்லை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கேளுங்கள்.