அழுதது யார், தேற்றியது யார்?

கேள்வி: என் மாமியார் பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். எனக்கு இளகிய மனசு. அடுத்தவருக்கு வலித்தால் எனக்கே வலிக்கும். படுக்கைப்புண்ணைத் துடைக்கும்போது அறையில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிடுவேன். போன வாரம் அழுதே விட்டேன். அத்தையே குழறிக் குழறி, ‘போய்த் தண்ணி குடிம்மா’ என்றார். கூடவே தங்கி எல்லாம் செய்கிற நாத்தனார், ‘உனக்கு இரக்கமே கிடையாது’ என்று சொல்லிவிட்டார். இதை எப்படித் தாங்குவது?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நாத்தனார் சொன்னதை அப்புறம் பார்க்கலாம். அந்தத் தண்ணீருக்கு வருவோம். முதுகில் புண்ணோடு ஒருக்களித்துக் கிடக்கிற மனுஷி, ஒரு வார்த்தை சொல்லவே சிரமப்படுகிறவர், இருந்த பேச்சை உங்களைத் தேற்றச் செலவழித்திருக்கிறார். உங்கள் இரண்டு பேரில் அடுத்தவர் மனசு புரிந்தவர் அவர்தான். இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்!

உங்கள் கண்ணீர் பொய் என்று சொல்லவில்லை. யாருக்காக வந்தது என்றுதான் கேட்கிறேன். 1981-இல் டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு ஒரு சோதனை செய்தது. ஒரு பெண்ணுக்கு ஷாக் கொடுப்பதுபோல் காட்டி (நடிப்புதான்), ‘அவளுக்குப் பதிலாக நீங்கள் உட்காருகிறீர்களா?’ என்று பார்ப்பவர்களிடம் கேட்டார்கள். வெறுமனே பதறியவர்களில் பலர், எழுந்து போக வழி இருந்தபோது போய்விட்டார்கள். அவள்மேல் பரிவு வந்தவர்களில் பெரும்பாலோர், வழி இருந்தும் போகவில்லை. உங்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. அத்தைக்கு இல்லை.

இளகிய மனசு என்று பேர் வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சாவு வீட்டில் முதலில் மயங்கி விழுவார்கள். துக்கப்பட்டவர்கள் எழுந்து வந்து இவர்களுக்கு விசிற வேண்டும்.

நாளைக் காலையில் உள்ளே போங்கள். புண்ணை நாத்தனார் துடைக்கட்டும். நீங்கள் அத்தையின் முகம் இருக்கிற பக்கம் நின்று, தோளையும் இடுப்பையும் தாங்கிப் பிடியுங்கள். ‘உங்க இடத்தில் நான் இருந்தால்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ‘வலிக்குதா அத்தை, கொஞ்சம் நிறுத்தச் சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும், பிடித்த கையை எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமே, அதில் ராத்திரி முறை உங்களுடையது. நாத்தனாரும் தூங்க வேண்டும்.

சரி, பெற்ற மகன் எங்கே? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், உங்கள் கணவரைக் காணோம். அவருக்கும் இளகிய மனசா? இந்தப் பக்கத்தைக் கிழித்து அவருடைய காபி டம்ளருக்கு அடியில் வையுங்கள்.